பத்தாண்டில் இரண்டு கோடி வெள்ளையர் எங்கே போனார்கள்?

கேள்வி இது: அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் தங்களை வெள்ளையர் என்று மட்டும் குறித்தவர்கள் 22.36 கோடி. 2020இல் அது 20.43 கோடி. அதே பத்தாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தில் சேர்ந்தவர்கள் 90 இலட்சத்திலிருந்து 3.38 கோடியானார்கள். நாடு இவ்வளவு வேகமாகக் கலந்துவிட்டதா, கணக்கில் ஏதாவது கோளாறா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைப் பற்றி உண்மையில் என்னதான் சொல்கிறது?

சுருக்கமான பதில்: அந்த இரண்டு கோடிப் பேரில் பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. அதே ஊரில், அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். மாறியவை இரண்டு: அவர்கள் நிரப்பிய படிவம், நிரப்பியதைக் கணக்கெடுப்பு அலுவலகம் படித்த விதம். இனம் பற்றிய எந்தக் கணக்கெடுப்பு எண்ணையும் அந்த ஆண்டின் கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 2020 படிவம். அதில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். நீங்கள் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின்) வழியினரா என்பது ஒன்று. உங்கள் இனம் என்ன என்பது அடுத்தது. அமெரிக்க அரசின் விதிப்படி ஹிஸ்பானிக் என்பது இனமல்ல, பூர்வீகம். ஆகவே மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா வழி வந்தவர்களும் இரண்டாம் கேள்விக்கு வெள்ளையர், கறுப்பர், பழங்குடியினர், ஆசிய வகைகள், 'வேறு இனம்' என்ற பட்டியலிலிருந்து குறைந்தது ஒன்றையாவது குறித்தாக வேண்டும். 2010இல் 'வெள்ளையர்' கட்டத்தில் டிக் போட்டால் அதோடு வேலை முடிந்தது. 2020இல் அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒரு காலி வரி புதிதாக வந்தது: ஜெர்மன், ஐரிஷ், இத்தாலியன், லெபனியர் என்று உதாரணங்கள் கொடுத்து, உங்கள் பூர்வீகத்தை எழுதுங்கள் என்றது. கறுப்பர் கட்டத்துக்குக் கீழும் அப்படியே.

டெக்சஸில் மெக்சிகோ வழி வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 2010இல் 'வெள்ளையர்' என்று குறித்தார்; வெள்ளையர் கணக்கில் சேர்ந்தார். 2020இலும் அதே கட்டத்தில்தான் குறித்தார். கீழே வரி காலியாக இருக்கிறதே என்று 'மெக்சிகன்' என்று எழுதினார். அலுவலகத்தின் குறியீட்டு முறையில் 'ஐரிஷ்' என்றால் வெள்ளையர், 'மெக்சிகன்' என்றால் வேறு இனம். ஆகவே அவர் வெள்ளையர், வேறு இனம் என்று இரண்டிலும் சேர்ந்து கலப்பினத்தவராகிவிட்டார். அவருக்கே அது தெரியாது. இதற்குத் துணையாக இன்னொன்றும் நடந்தது. 2010இல் கையால் எழுதியதில் முதல் 30 எழுத்துகளை மட்டும் எடுத்து, அதிலிருந்து அதிகபட்சம் இரண்டு குறியீடுகளைப் பதிந்தார்கள். 2020இல் 200 எழுத்துகள், ஆறு குறியீடுகள். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் மீன் அதிகம் விழுவதுதானே.

எண்களைப் பிரித்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 'வெள்ளையர் மட்டும்' என்ற எண்ணிக்கையில் குறைந்தது சுமார் 1.93 கோடி. ஹிஸ்பானிக் மக்களில் தங்களை வெள்ளையர் மட்டும் என்று குறித்தவர்கள் 2.67 கோடியிலிருந்து 1.26 கோடியாகச் சரிந்தார்கள், ஆக 1.41 கோடி அங்கேயே போய்விட்டது. மறுபக்கம் ஹிஸ்பானிக் கலப்பினத்தவர் 30 இலட்சத்திலிருந்து 2.03 கோடி. ஒரே கூட்டம் அட்டவணையின் ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு இடம் மாறியிருக்கிறது. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 19.68 கோடியிலிருந்து 19.17 கோடி, அந்த 51 இலட்சக் குறைவில் உண்மையான மக்கள்தொகை மாற்றமும் உண்டு, குறியீட்டு வேலையும் உண்டு.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சான்று. இதே அலுவலகம் ஆண்டுதோறும் 'அமெரிக்கச் சமூக ஆய்வு' என்று ஒரு பெரிய மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2019இல் அதில் கலப்பினத்தவர் பங்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். புதிய படிவமும் புதிய குறியீட்டு முறையும் வந்த பிறகு, 2021இல் 12 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டு ஆண்டில் ஒரு நாட்டின் இரத்தம் அப்படிக் கலக்காது. அலுவலகமே 2010ஐயும் 2020ஐயும் ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை என்று குறிப்பு எழுதித்தான் எண்களை வெளியிட்டது. குறிப்பை யார் படித்தார்கள்? தலைப்புச் செய்திகள் '276 சதவீத உயர்வு' என்றே வந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் பிறகு இதை ஆராய்ந்து, இந்தக் கலப்பினப் பெருக்கத்தின் பெரும்பகுதி மாயை என்றே எழுதினார்கள்.

அதற்காகக் கலப்பே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கலப்பு மணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967இல் 'லவிங்' வழக்கில் ரத்து செய்தது. அந்த ஆண்டு புதிதாக மணந்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வேற்றினத்தில், அல்லது ஹிஸ்பானிக் எல்லையைத் தாண்டி, மணம் செய்தவர்கள். 2015இல் அது 17 சதவீதம் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. இது மெதுவாக, தலைமுறை கணக்கில் நடக்கிற மாற்றம். 276 சதவீதத்துக்குள் அதுவும் இருக்கிறது, ஆனால் சிறு பங்காக.

இப்படிப் படிவம் மக்களை இடம் மாற்றுவது 2020இல் தொடங்கியதல்ல. 1790இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலேயே பத்திகள் அரசியலால் வகுக்கப்பட்டவை: 16 வயதும் அதற்கு மேலும் ஆன சுதந்திர வெள்ளை ஆண்கள், 16க்குக் கீழ் உள்ளவர்கள், சுதந்திர வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திரர்கள், அடிமைகள். ஆண்களை மட்டும் வயதுவாரியாகப் பிரித்தது உழைப்புக்கும் படைக்கும் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்க்க. அடிமைகளுக்குத் தனிப் பத்தி வைத்ததற்குக் காரணம் அரசியலமைப்பு: நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும்போது ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிடப்பட்டார். வரி கட்டாத பழங்குடியினர் கணக்கிலேயே இல்லை. மொத்தம் 39,29,214 பேர்; அதில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகள். இனம் என்ற கேள்வி ஆர்வத்தால் வந்ததல்ல. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைத் தீர்க்க அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

1850இலும் 1860இலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியலே போட்டார்கள். அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அடிமையின் வயது, பால், நிறம் இருக்கும். பெயர் இருக்காது. இன்று தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் 1870 கணக்கெடுப்பில் வந்து முட்டி நிற்பது இதனால்தான். பெரும்பாலானவர்களின் பாட்டன் பூட்டன் பெயர் முதன்முதலாக ஏட்டில் ஏறியது அந்த ஆண்டில். அதற்கு முந்திய ஏடுகளில் அவர்கள் ஒரு வயதும் ஒரு நிற எழுத்தும்தான்.

அதே 1850இல் 'மூலாட்டோ' என்ற வகை வந்தது: கறுப்பும் வெள்ளையும் கலந்தவர். 1890இல் இது உச்சத்துக்குப் போனது. முக்கால் பங்கோ அதற்கு மேலோ கறுப்பு இரத்தம் உள்ளவர் கறுப்பர், எட்டில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை மூலாட்டோ, கால் பங்கு என்றால் குவாட்ரூன், எட்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவான சுவடோ இருந்தால் ஆக்டரூன் என்று கணக்கெடுப்பாளருக்கு அச்சடித்த உத்தரவு போனது. வாசலில் நின்று முகத்தைப் பார்த்து ஒருவரின் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும்! வந்த எண்கள் எதற்கும் உதவாது என்று கணக்கெடுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1900இல் அந்த வகைகள் போயின.

மூலாட்டோ மட்டும் 1910இலும் 1920இலும் திரும்பி வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் நான் எல்லோருக்கும் சுட்டிக்காட்டுவேன். 1910இல் மூலாட்டோக்கள் 20.5 இலட்சம். 1920இல் 16.6 இலட்சம். பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. கொள்ளைநோயும் அவர்களை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லவில்லை, அவர்கள் கூட்டமாக நாட்டை விட்டும் போகவில்லை. வாசலுக்கு வந்த கணக்கெடுப்பாளரின் கண் மாறியது, அவ்வளவுதான். அவர்களில் யார் கறுப்பராகப் பதிவானார்கள், யார் வெள்ளையராக நழுவினார்கள் என்பதைத் தனித்தனியே பிரிக்க முடியாது. 1930இல் அரசு இந்தச் சிக்கலை ஒரே வெட்டாக வெட்டியது: எவ்வளவு சிறிய அளவில் கறுப்பு இரத்தம் இருந்தாலும் அவர் நீக்ரோ என்று எழுது. தென் மாநிலங்களில் சட்டமாகிக்கொண்டிருந்த 'ஒரு துளி' விதி இப்படிக் கணக்கெடுப்புக்குள்ளும் நுழைந்தது.

அதே 1930இல் 'மெக்சிகன்' என்பது ஓர் இனமாக வந்தது. மெக்சிகோவில் பிறந்தவர், அல்லது பெற்றோர் அங்கே பிறந்தவர், வெளிப்படையாக வெள்ளையராகவோ வேறு இனமாகவோ தெரியாவிட்டால் அந்தப் பத்தியில் போடு என்றார்கள். 14 இலட்சத்துக்கு மேல் பேர் அதில் விழுந்தார்கள். மெக்சிகோ அரசும் அமெரிக்காவில் இருந்த மெக்சிகோ வழியினரும் எதிர்ப்புத் தெரிவிக்க, 1940இல் அந்த வகை எடுக்கப்பட்டு அவர்கள் மீண்டும் வெள்ளையரானார்கள். காரணம் எளிது: அன்று குடியுரிமைச் சட்டமே வெள்ளையர், ஆப்பிரிக்க வழியினர் என்ற சொற்களைச் சுற்றி எழுதப்பட்டிருந்தது. வெள்ளையர் பத்தியிலிருந்து வெளியே போவது உரிமையிலிருந்து வெளியே போவதற்கு முதல் படி.

அதை நேரடியாக அனுபவித்தவர்கள் இந்தியர்கள். 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது இனப் பட்டியலில் இருந்தது. அந்தப் பத்தியில் பதிவானவர்களில் பெரும்பாலோர் கலிஃபோர்னியப் பண்ணைகளில் உழைத்த பஞ்சாபிச் சீக்கியர்கள், கூடவே முஸ்லிம்கள். 1930இல் நாடு முழுவதும் 3,130 பேர். 1940இல் 2,405 பேர். பகத் சிங் தீண்ட் என்ற சீக்கியர், அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், நானும் ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று குடியுரிமை கேட்டார். சாதாரண மனிதன் வெள்ளையன் என்று யாரை நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன், நீ இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1950இல் 'இந்து' பத்தி மறைந்தது. 1970இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தார்கள், 1980இல் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக் கட்டம் வந்தது. அதை இந்திய அமைப்புகளே கேட்டு வாங்கின, ஏனென்றால் அதற்குள் சிறுபான்மையினர் என்ற பதிவுக்குச் சட்டத்தில் பலன் வந்திருந்தது. கலிஃபோர்னியாவுக்குப் பண்ணை வேலைக்கு வந்து, எண்பது வயதுவரை வாழ்ந்த ஒரு பஞ்சாபி முதலில் 'இந்து'வாக, பிறகு வெள்ளையராக, கடைசியில் ஆசியராகக் கணக்கில் ஏறியிருக்க முடியும். 2020இல் ஆசிய இந்தியர் என்று மட்டும் குறித்தவர்கள் ஏறத்தாழ 44 இலட்சம். ஆசியத் தனி வகைகளில் அதுவே முதலிடம். மதத்தைப் பற்றி அமெரிக்கக் கணக்கெடுப்பு கேட்பதே இல்லை. மத நம்பிக்கையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இல் சட்டம் வந்துவிட்டது. மத விவரத்தைத் தேடி அந்தக் கணக்கெடுப்புப் பட்டியல்களைப் புரட்டுவது வீண்.

பெரிய திருப்பம் 1960, 1970களில் வந்தது. அதுவரை இனத்தை முடிவு செய்தவர் கணக்கெடுப்பாளர். படிவம் அஞ்சலில் வீட்டுக்கு வரத் தொடங்கியதும் முடிவு குடும்பத்தின் கைக்கு வந்தது. இந்த மாற்றத்தை எந்த அட்டவணையும் கொட்டை எழுத்தில் சொல்லாது. ஆனால் 1960க்கு முந்திய எண்கள் 'பிறர் பார்த்த இனம்', பிந்தியவை 'தானே சொன்ன இனம்'. அமெரிக்கப் பழங்குடியினர் எண்ணிக்கையைப் பாருங்கள். 1960இல் 5 இலட்சத்துக்குச் சற்று மேல். 1990இல் 19.6 இலட்சம். முப்பது ஆண்டில் நான்கு மடங்குக்குக் கிட்டத்தட்ட. பிறப்பால் அது சாத்தியமில்லை, வெளிநாட்டிலிருந்து அமெரிக்கப் பழங்குடியினர் குடியேறவும் வழியில்லை. முன்பு வெள்ளையர் என்று பதிந்துகொண்டவர்கள், அல்லது பதியப்பட்டவர்கள், தங்களைப் பழங்குடியினர் என்று சொல்லத் தொடங்கினார்கள். 1960களின் உரிமை இயக்கங்களுக்குப் பிறகு அந்த அடையாளத்தைச் சொல்வதில் கூச்சம் போய்ப் பெருமை வந்தது. 2010இல் கலப்பையும் சேர்த்து 52 இலட்சம் என்றிருந்தது 2020இல் 97 இலட்சமானது. இந்த முறை படிவத்தின் உதவியும் உண்டு: பழங்குடியினர் கட்டத்தின் உதாரணங்களில் 'மாயா', 'ஆஸ்டெக்' என்று லத்தீன் அமெரிக்கப் பெயர்களும் அச்சாகியிருந்தன.

மக்கள் கேள்வியைத் தங்கள் வழியில் புரிந்துகொள்வார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த சம்பவம் 1970இல் நடந்தது. ஹிஸ்பானிக் பூர்வீகம் பற்றிய கேள்வியை அந்த ஆண்டு ஒரு மாதிரிக் குழுவிடம் மட்டும் கேட்டார்கள். விடைகளில் ஒன்று 'மத்திய அல்லது தென் அமெரிக்கர்'. அமெரிக்காவின் மத்தியப் பகுதியிலும் தென் மாநிலங்களிலும் வாழ்ந்த, ஸ்பானிய வாசனையே இல்லாத பலர், நாம்தானே அது என்று டிக் போட்டுவிட்டார்கள்.

தானே சொல்லும் இனம் நிலையாகவும் இருப்பதில்லை. 2000, 2010 கணக்கெடுப்புகளின் பதிவுகளை ஆள்வாரியாக இணைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 16.2 கோடிப் பேரில் 98 இலட்சம் பேரின் இன விடையோ ஹிஸ்பானிக் விடையோ பத்தாண்டில் மாறியிருந்தது. நூற்றுக்கு ஆறு பேர். ஆனால் மொத்த எண்ணிக்கையில் அது பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஒரு பத்திக்குள் வந்தவர்களும் வெளியே போனவர்களும் பெருமளவு ஈடாகிவிட்டார்கள். பத்தியின் மொத்தம் அசையாமல் நிற்கும். உள்ளே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். விடை எப்போதும் வம்சாவளியின் நகல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பராக் ஒபாமாவின் தாய் வெள்ளையர், தந்தை கென்யர். எத்தனை இனம் வேண்டுமானாலும் குறிக்கலாம் என்று விதி 2000இலேயே வந்துவிட்டது. அவர் 2010இல் கறுப்பர் என்ற ஒரே கட்டத்தில்தான் குறித்தார். பிழையாகவா குறித்தார்? தன்னை உலகம் எப்படி நடத்துகிறது, தான் எந்தக் கூட்டத்தோடு நிற்கிறேன் என்பதற்கான விடை அது. கேள்வித்தாள் கேட்டதும் அதைத்தான்.

இது அமெரிக்காவின் தனிப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலில் வெள்ளை, கறுப்பு, பழுப்பு, மஞ்சள், பழங்குடி என்று நிறத்தைக் கேட்பார்கள். 2010க்கும் 2022க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை 6.5 சதவீதம் கூடியது. தங்களைக் கறுப்பர் என்று சொன்னவர்கள் 42 சதவீதம் கூடினார்கள், வெள்ளையர் குறைந்தார்கள். 2022இல் பழுப்பு நிறத்தவர் 45.3 சதவீதம், வெள்ளையர் 43.5 சதவீதம். அங்கே பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டுச் சட்டம் 2012இல் வந்தது, கறுப்பின இயக்கம் வலுத்தது. இந்த இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பிறப்பு விகிதம் மட்டும் காரணமல்ல என்பதில் சண்டையில்லை. 1970இல் பிரேசிலின் இராணுவ அரசு இந்தக் கேள்வியையே எடுத்துவிட்டிருந்தது. பிரான்ஸ் தன் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்டால் பாகுபாடு போய்விடும் என்றால் நல்லதுதான். நடைமுறையில், பாகுபாடு நடந்தது என்று வாதிடுபவரின் கையில் எண் இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் நடந்த தொகுதி வழக்குகள் பலவும் இந்தக் கணக்கெடுப்பு எண்களை வைத்துத்தான் நடந்தன.

கேட்பதிலும் ஆபத்து உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 1942இல் ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற சிறு பகுதிக் கணக்கைக் கணக்கெடுப்பு அலுவலகம் இராணுவத்துக்குக் கொடுத்தது. போர்க்காலச் சட்டத்தின் கீழ் தனி ஆட்களின் விவரமும் சில இடங்களில் கொடுக்கப்பட்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணத்தோடு காட்டினார்கள். இன்று தனிநபர் பதிவுகள் 72 ஆண்டுகள் பூட்டியே இருக்கும். 1950 பதிவுகள் 2022இல்தான் வெளியாயின. 2020இல் இன்னும் ஒரு படி போய், சிறு பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே கணித முறையில் சிறு மாற்றங்களைக் கலந்தே வெளியிட்டார்கள், யாரும் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஒருவரை அடையாளம் காணக் கூடாது என்று. ஆகவே ஒரு தெருவில் நான்கு ஆசியர் என்று 2020 அட்டவணை சொன்னால் அந்த நான்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப் போக இந்தக் கலப்படம் கரைந்துவிடும்.

யார் விடுபட்டார்கள் என்பது தனிக் கதை, அதிலும் இனம் இருக்கிறது. 1940 கணக்கெடுப்பு முடிந்த சில மாதங்களில் போருக்கு ஆள் பதிவு நடந்தது. 21 முதல் 35 வயது வரையுள்ள கறுப்பின ஆண்கள், கணக்கெடுப்பு இருக்கிறார்கள் என்று சொன்னதைவிட ஏறத்தாழ 13 சதவீதம் அதிகமாக வந்து பதிந்தார்கள். எல்லா இன ஆண்களையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் 3 சதவீதம்தான். விடுபடுவது எல்லோருக்கும் சமமாக நடப்பதில்லை என்பது அன்று கையும் களவுமாகத் தெரிந்தது. எண்பது ஆண்டு கழித்தும் நிலைமை முழுதாகச் சீராகவில்லை. 2020க்குப் பின் நடந்த சரிபார்ப்பு ஆய்வின்படி கறுப்பினத்தவரில் நிகரமாக 3.3 சதவீதமும், ஹிஸ்பானிக் மக்களில் 4.99 சதவீதமும், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பழங்குடியினரில் 5.64 சதவீதமும் விடுபட்டார்கள். ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரோ 1.64 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டார்கள், ஆசியர் 2.62 சதவீதம். இரண்டு வீடு வைத்திருப்பவர், ஊர்விட்டுப் படிக்கும் பிள்ளை என்று சிலர் இரண்டு முறை ஏறுவார்கள். நெரிசலான வாடகை வீட்டில் மூன்று குடும்பமாக இருப்பவர்களின் கைக்குழந்தை ஒருமுறைகூட ஏறாது. இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் கணக்கில் ஏறாததால் நியூயார்க் மாநிலம் ஒரு நாடாளுமன்ற இடத்தை இழந்தது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? படிவ மாற்றத்தால் எளிதில் அசையாத எண்களை. மொத்த மக்கள்தொகை 33.14 கோடி, பத்தாண்டில் 7.4 சதவீத வளர்ச்சி, 1930களுக்கு அடுத்து மிகக் குறைவானது. இது திடமான செய்தி. ஹிஸ்பானிக் மக்கள் 5.05 கோடியிலிருந்து 6.21 கோடி, இதைப் பிறப்புப் பதிவும் குடியேற்றக் கணக்கும் தாங்கி நிற்கின்றன. ஆசியர் மட்டும் 35 சதவீத உயர்வு, இதுவும் அப்படியே. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 53.5 சதவீதத்திலிருந்து 47.3 சதவீதமானார்கள். குறியீட்டின் கைவரிசையைக் கழித்தாலும் இதில் பெரும்பகுதி நிற்கும், ஏனென்றால் வெள்ளையரின் சராசரி வயது கூடுதல், பிறப்புகள் குறைவு. ஒரு எண்ணை நம்பலாமா என்று பார்க்க நான் செய்வது இதுதான்: பிறந்தவர், இறந்தவர், வந்தவர், போனவர் இவர்களைக் கூட்டிக் கழித்து அந்த மாற்றம் வருகிறதா? வந்தால் மக்கள்தொகை மாறியிருக்கிறது. வராவிட்டால் கேள்வியோ மனமோ மாறியிருக்கிறது.

மருத்துவப் புள்ளிவிவரம் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன வாரியான இறப்பு விகிதம் ஒரு வகுத்தல் கணக்கு: கீழே இருக்கும் மக்கள்தொகை, அவர்கள் உயிரோடு இருந்தபோது தாமே சொன்ன இனம். மேலே இருக்கும் இறப்பு எண்ணிக்கை, இறப்புச் சான்றிதழில் இறுதிச் சடங்கு நடத்துபவர் குடும்பத்தைக் கேட்டோ முகத்தைப் பார்த்தோ எழுதிய இனம். பழங்குடியினராக வாழ்ந்த பலர் வெள்ளையராக இறக்கிறார்கள், ஏட்டின்படி. இதனால் பழங்குடியினரின் இறப்பு விகிதம் பல காலமாக உண்மையைவிடக் குறைவாகவே தெரிந்துவந்தது. உதவி தேவைப்படும் இடத்தில் எல்லாம் நலம் என்று எண் சொன்னால் அதைவிடக் கெட்ட பிழை எது?

அடுத்த கணக்கெடுப்புக்கும் இப்போதே தயாராக இருங்கள். 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு விதியை மாற்றி எழுதியது. ஹிஸ்பானிக் கேள்வியும் இனக் கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கேள்வியாகும். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினருக்குத் தனிக் கட்டம் வரும். சிரியர் வெள்ளையரே என்று 1915இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து அரபு வழியினர் வெள்ளையர் பத்தியில்தான் இருந்தார்கள். இந்த விதி அப்படியே 2030இல் நடைமுறைக்கு வந்தால் வெள்ளையர் எண்ணிக்கை இன்னொரு முறை குறையும். 2020இல் கலப்பையும் சேர்த்து 4.99 கோடிப் பேரோடு, வெள்ளையருக்கு அடுத்த பெரிய இனமாக நின்ற 'வேறு இனம்' பெரிதும் வற்றும், ஏனென்றால் அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கான கட்டம் இல்லாமல் அங்கே ஒதுங்கிய ஹிஸ்பானிக் மக்கள். ஹிஸ்பானிக் என்ற ஒரே கட்டத்தில் குறித்துவிட்டு அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். 2020இன் கலப்பினத்தவரிலும் பெரும் பகுதி அதோடு கரையும். 2031இல் 'அமெரிக்காவில் கலப்பினத்தவர் சரிவு' என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால், 2020 படிவத்தில் அந்தக் காலி வரி எப்படி இருந்தது என்று எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.